பதிவாகாத பதிவுகள்

மதுரைப் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டு டி.வி.டி. ரெக்கார்டரில் பல வருஷங்களாகப் பதிந்து சேர்த்த வட்டுகள் ஒரு அலமாரித் தட்டு நிறைய இருக்கின்றனவாம். யந்திரம் அண்மையில் நின்றுவிட்டதாம். அந்த வட்டுகளை வேறு எந்தப் பெட்டியில் போட்டாலும் 'டிஸ்க் இல்லை' என்றே வருகிறதாம். அத்தனையும் அழிந்துபோயினவா என்று கேட்கிறார்.

அழியவில்லை, அநேகமாக எல்லாம் பத்திரமாகவே இருக்கும். வட்டைத் திருப்பிப் பிடித்து, ஊதாச் சாயல் பாய்ந்த அடிப்பாகத்தை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பார்த்தால், நடுத்துளையின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக அகன்று சென்று ஓரிடத்தில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும் ஒரு பட்டை, நிறம் சிறிது மங்கித் தெரியும். அந்தப் பட்டைதான் பதிவு. அதற்கு அப்பால் உள்ளது எழுதப்படாத வெற்றிடம். கண்ணுக்கே தெரிகிற அந்த எழுத்தை வேறு பெட்டிகள் ஏன் காண மறுக்கின்றன என்பதுதான் இந்த யந்திரத்தின் சூட்சுமம். பல பேருடைய மனக்கசப்புக்கும் அதுவே மூலகாரணம்.

வீட்டிலேயே டி.வி.டி. பதியும் கருவியை முதன்முதலில் கடைக்குக் கொண்டுவந்தது பயனியர் நிறுவனம், 1999 டிசம்பரில், ஜப்பானில். அடுத்த வருஷம் பானசோனிக் 'ராம்' என்ற வேறொரு வகை வட்டோடு வந்தது. 2001-இல் ஃபிலிப்ஸ் 'பிளஸ்' என்ற மூன்றாவது வகையோடு வந்தது. மூன்றும் 12 சென்டிமீட்டர் அகலம், மூன்றும் 4.7 ஜிகாபைட் கொள்ளளவு, ஆனால் ஒன்றின் சம்பிரதாயம் மற்றொன்றுக்கு ஒத்துவராது. இந்தப் பங்காளிச் சண்டையின் பலனை அனுபவித்தது, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்த சாமானிய ஜனங்கள்தான். நம் ஊரில் பெரும்பாலும் புழங்கியது, ஒரே ஒரு தடவை எழுதக்கூடிய '-ஆர்' வகை வட்டு. 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பூசப்பட்ட சாயத்தின் மீது சிவப்பு லேசர் கதிர் பாய்ந்து, அதன் சூட்டால் சாயம் மாறிய இடமும் மாறாத இடமுமாக ஒரு சுருள்கோடு எழுதப்படுகிறது. அந்தச் சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள இடைவெளி 0.74 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட சுற்றுகள்.

எழுதுவது இவ்வளவுதான். எழுதியதைப் பிறர் படிக்கும்படி செய்வது வேறு காரியம்.

என் தகப்பனார் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதி ஜீவனம் செய்தவர். கிரயப் பத்திரம் முத்திரைத்தாளில் எழுதியாகிவிட்டது, சாட்சிகள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், பணமும் கைமாறிவிட்டது. இருந்தாலும் அது உள்ளே போய்ப் பதிவாகி அட்டவணைப் புத்தகத்தில் ஏறாதவரையில், கிரயம் நடந்தது அந்த இரண்டு குடும்பத்தாருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. வில்லங்கம் போட்டுப் பார்க்கிற அந்நியனுக்கு அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியாது. டி.வி.டி. ரெக்கார்டரின் விஷயமும் அச்சாக இதுவேதான். ஒவ்வொரு நிகழ்ச்சியைப் பதிந்து முடித்ததும், எங்கிருந்து எதுவரை எழுதினோம் என்ற கணக்கை அது வட்டின் உட்கோடியில், தன் சொந்த உபயோகத்துக்கென்று ஒதுக்கிய குறுகிய வளையம் ஒன்றில் குறித்து வைத்துக்கொள்கிறது. சாதாரண டி.வி.டி. பெட்டி அந்த வளையத்தின் பக்கமே போவதில்லை. அது முதலில் தேடுவது, அதை அடுத்திருக்க வேண்டிய முகப்புப் பகுதியையும் பொருளடக்கத்தையும்; அங்கே ஒன்றும் இல்லையென்றால், வட்டே இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடுகிறது.

அந்த முகப்பையும், பொருளடக்கத்தையும், திரையில் தோன்றும் தலைப்புப் பட்டியலையும், கடைசியில் 'இத்துடன் முடிந்தது' என்று காட்டும் எல்லைப் பகுதியையும் எழுதிச் சேர்க்கிற காரியத்துக்குத்தான் 'ஃபைனலைஸ்' என்று பெயர். அதைச் செய்த பிற்பாடு '-ஆர்' வட்டில் ஒரு நிமிஷ நிகழ்ச்சிகூடக் கூடுதலாகப் பதிய முடியாது. இன்னும் அரைமணி நேர இடம் மிச்சமிருக்கிறதே, அடுத்த வாரம் ஏதாவது பதியலாமே என்று ஒத்திப்போடுகிற நம் சுபாவம் இங்கேதான் குறுக்கே நிற்கிறது. அந்த அடுத்த வாரம் வராமலே பல வீடுகளில் யந்திரத்துக்கு ஆயுள் முடிந்துவிட்டது.

இதில் ஒரு வினோதம் உண்டு. எனக்கு இந்த யந்திரத்தின்மீது ஏற்பட்ட மோகத்துக்கே அதுதான் காரணம் என்று சொல்லலாம். இரண்டு மணி நேரம் நிறையப் பதிந்த வட்டை ஃபைனலைஸ் செய்தால் இரண்டொரு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். குழந்தையின் பத்து நிமிஷ நடனத்தை மட்டும் பதிந்த வட்டைக் கொடுத்தாலோ, கால்மணி நேரம் வரையில்கூட ஏதோ எழுதிக்கொண்டே இருக்கும். குறைவாகப் பதிந்ததற்கு ஏன் கூடுதல் அவகாசம்? டி.வி.டி.யின் விதிப்படி, வட்டின் எழுத்து மையத்திலிருந்து 24 மில்லிமீட்டரில் தொடங்கி, குறைந்தபட்சம் 35 மில்லிமீட்டர் தூரம்வரை சென்றாக வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் லேசர் தலை தடம் தவறி எழுத்தே இல்லாத வெறும் பரப்பில் தவித்து நிற்காமல் இருப்பதற்காக விட்ட பாதுகாப்பு எல்லை அது. நம் நடனம் அந்த எல்லையை எட்டவில்லையென்றால், மீதி இடத்தை யந்திரமே பொருளற்ற எழுத்துகளால் நிரப்புகிறது. அந்த வளையம் முழுவதும் நிரம்ப ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் வேண்டும்; முழு வட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பத்து நிமிஷ நடனத்தைப் பதிந்த வட்டைத் திருப்பிப் பார்த்தால், பட்டை எதிர்பார்த்ததைவிட அகலமாக இருப்பதன் ரகசியம் இதுதான். இதையறியாத பலர், யந்திரம் மாட்டிக்கொண்டது என்று எண்ணிப் பாதியில் பிளக்கைப் பிடுங்கி வட்டைக் கெடுத்துக்கொண்டார்கள். 2008-க்குப் பின் சில வருஷங்கள் நம் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது, பிடுங்காதவர்களுக்கும் அதே கதிதான்.

கல்யாணக் கேசட்டுகளை வட்டுக்கு மாற்ற முயன்றவர்களின் அனுபவம் வேறு விதம். டெக்கில் கேசட்டைப் போட்டு ரெக்கார்டருடன் கம்பியை இணைத்துப் பொத்தானை அழுத்தினால், தாலி கட்டுகிற தறுவாயில் 'இந்த நிகழ்ச்சியைப் பதிய அனுமதி இல்லை' என்று திரையில் வந்து நின்றுவிடும். சொந்தக் கல்யாணத்தைப் பதிய யாருடைய அனுமதி வேண்டும்? விலைக்கு விற்ற சினிமாக் கேசட்டுகளில், பிரதி எடுப்பதைத் தடுப்பதற்காகப் படத்துக்கு வெளியே, கண்ணில் படாத மேல்வரிகளில் வேண்டுமென்றே சில தாறுமாறான துடிப்புகளைச் சேர்த்திருந்தார்கள். அவற்றைக் கண்டால் பதிய மறுக்கும்படி ரெக்கார்டருக்குக் கட்டளை. பூஞ்சை பூத்து, இழுபட்டுத் தளர்ந்த நம் பழைய நாடாவிலிருந்து வரும் சமிக்ஞையும் அதே இடத்தில் தாறுமாறாக இருப்பதால், யந்திரம் இரண்டையும் பிரித்தறிய மாட்டாமல் மணமக்களைத் திருட்டுப் பிரதிக்காரர்களாக்கிவிடுகிறது. நாடாவை ஒரு தடவை முழுவதும் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுப் போட்டால் சில வேளை சரியாகும். சமிக்ஞையைச் சீர்செய்யும் கருவியை நடுவே வைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

இவ்வளவு சிரமம் கொடுத்த யந்திரத்துக்கு நாம் செய்த மரியாதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கா 2009-இலும், ஜப்பான் பெரும்பாலும் 2011-இலும், பிரிட்டன் 2012-இலும் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்தியபோது, அந்த ரெக்கார்டர்களுக்குள் இருந்த ட்யூனர்கள் ஒரே நாளில் வீணாயின. இங்கே செட்-டாப் பெட்டி வந்ததும் அதே கதை. டைமர் வைத்துச் சேனல் மாற்றிப் பதிகிற சௌகரியம் போயிற்று என்ற ஒரே காரணத்துக்காக, வட்டை எழுதவும் மூடவும் தெம்புள்ள யந்திரங்களைப் பரணில் ஏற்றினோம், அல்லது காயலான் கடைக்குப் போட்டோம். மூடப்படாத வட்டுகளை மட்டும் அலமாரியில் வைத்துக்கொண்டோம். ஹார்ட் டிஸ்க் உள்ள மாடல்களை வாங்கியவர்கள் பாடு இன்னும் பரிதாபம். அந்த டிஸ்க்கில் ஒவ்வொரு கம்பெனியும் தன் சொந்த முறையில் எழுதியதால், கழற்றிக் கணினியில் மாட்டினால் சாதாரணமாக ஒன்றும் புலப்படாது. ஃபைனலைஸ் என்ற கட்டளையை முகப்பிலேயே ஒரு பொத்தானாக வைக்காமல், மெனுவுக்குள் மெனுவாகப் பதுக்கி வைத்த உற்பத்தியாளர்களையும் நான் மன்னிப்பதற்கில்லை.

இனி அந்த வாசகி செய்யக்கூடியது. முதலில், அதே கம்பெனியின், முடிந்தால் அதே மாடல் ரெக்கார்டர் ஒன்றை உறவினர் வீட்டுப் பரணிலோ பழைய சாமான் கடையிலோ தேடிப் பிடிக்க வேண்டும்; உட்கோடி வளையத்தின் கணக்கை அதனால் பெரும்பாலும் படிக்க முடியும், ஃபைனலைஸும் செய்துவிடலாம். அது கிடைக்கவில்லையென்றால், டி.வி.டி. எழுதும் வசதியுள்ள கணினியில், மூடாத வட்டைப் படித்து உள்ளிருப்பதை வெளியே எடுப்பதற்கென்றே உள்ள மென்பொருள்களைப் பயன்படுத்திப் படத்தைக் கோப்பாக எடுத்துவிடலாம். அதுவரையில் வட்டுகளை வெயில் படாத இடத்தில் நிமிர்த்தி வைக்கவும். பால்பாயின்ட் பேனாவால் மேலே எழுத வேண்டாம், காகித லேபிளும் ஒட்ட வேண்டாம். இன்னொரு விஷயத்தில் மட்டும் மிகுந்த ஜாக்கிரதை தேவை: மறுபடி எழுதக்கூடிய 'ஆர்.டபிள்யூ.' வட்டு அந்தக் கட்டில் இருந்து, அதை வேறு கம்பெனியின் ரெக்கார்டரில் போட நேர்ந்தால், கணக்குப் புரியாத அந்த யந்திரம் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று மிகவும் விநயமாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்திவிட்டு வட்டை வெளியே எடுத்துவிடுங்கள், அம்மா.