இழுப்பறையில் 57 வருஷம் கிடந்த காதல் கதை

"அம்மா, இந்தப் புஸ்தகம் உனக்குப் பிடிக்காது. படிக்காதே" என்று சொல்லி, என் மகள் ஒரு நாவலை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அப்படிச் சொன்ன பிறகு எந்த அம்மா சும்மா இருப்பாள்? மத்தியானம் சமையலறையை ஒழித்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, தினம் நாலு பக்கம் வீதம் படித்தேன். முடிக்க இரண்டு மாசம் ஆயிற்று.

நாவலின் பெயர் 'மாரிஸ்'. எழுதியவர் இ.எம். ஃபார்ஸ்டர். நம் நாட்டைப் பற்றி 1924-இல் 'எ பாஸேஜ் டு இந்தியா' எழுதினாரே, அவரேதான். மாரிஸ் கதையை அவர் 1913, 14-இலேயே எழுதி முடித்துவிட்டார். அது அச்சானது 1971-இல். அவர் கண்ணை மூடியதற்கு அடுத்த வருஷம்!

இது இரண்டு ஆண்களின் காதல் கதை. முகத்தைச் சுளிக்காமல் கொஞ்சம் கேளுங்கள், சகோதரிகளே. இதில் நம்மைப் போன்ற அம்மாக்களுக்கும் மனைவிகளுக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

கதை இதுதான்

மாரிஸ் நடுத்தர வர்க்கத்துப் பையன். தகப்பனார் இல்லை, அம்மாவும் இரண்டு தங்கைகளும் உண்டு. கேம்பிரிட்ஜில் படிக்கும்போது கிளைவ் என்ற ஜமீன் வீட்டுப் பிள்ளையோடு அவனுக்கு அன்பு ஏற்படுகிறது. சில வருஷங்கள் கழித்து, "நான் மாறிவிட்டேன், இனிமேல் எனக்குப் பெண்கள்தான்" என்று கிளைவ் விலகுகிறான். ஆனி என்ற நல்ல பெண்ணைக் கல்யாணமும் செய்துகொள்கிறான்.

மாரிஸ் துடித்துப் போகிறான். பிறகு கிளைவின் பண்ணை வீட்டுக்கு விருந்தாளியாகப் போன இடத்தில், அங்கே வேட்டைப் பறவைகளைக் காவல் காக்கும் வேலைக்காரன் அலெக் ஒரு ராத்திரி ஏணி வைத்து ஏறி அவனிடம் வருகிறான். கடைசியில் அலெக் அர்ஜென்டினா போகும் கப்பலை விட்டுவிடுகிறான். மாரிஸ் தன் உத்தியோகத்தையும் அந்தஸ்தையும் விட்டுவிடுகிறான். இருவரும் ஊர் கண்ணில் படாமல் சேர்ந்து வாழப் போகிறார்கள்.

விலக்குக்குள் விலக்கு

அந்தக் கால இங்கிலாந்தில் ஆணும் ஆணும் காதலிப்பது ஜெயில் தண்டனைக்குரிய குற்றம். பெரிய எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டுக்கே 1895-இல் இரண்டு வருஷக் கடுங்காவல் கிடைத்தது. அதற்கு மேல், எஜமான் வர்க்கத்தான் வேலைக்காரனைக் காதலிப்பதாவது! சேதியைக் கேட்ட கிளைவுக்கு, அது தன் வீட்டு வேலைக்காரன் என்பதுதான் கூடுதல் அருவருப்பு.

படிக்கும்போது எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. அந்த இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண் இருந்தால், "எஜமானுக்குப் பயந்து இணங்கினாளா?" என்று கேட்போம் இல்லையா? அதே கேள்வி இங்கேயும் நியாயம்தான். ஆனால் இந்தக் கதையில் ஏணி ஏறி வந்தவன் வேலைக்காரன். கப்பலை விட்டவனும் அவனே. இழக்க வேண்டியதையெல்லாம் இழந்தவன் எஜமான். அதனால் மனசு சமாதானமாயிற்று.

இது வெறும் கற்பனையும் அல்ல. மில்தார்ப் என்ற கிராமத்தில் எட்வர்ட் கார்ப்பென்டர் என்ற படித்த கனவானும், ஷெஃபீல்டு நகரத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் மெரிலும் 1898 முதல் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். 1913-இல் அவர்களைப் பார்க்கப் போன இடத்தில்தான் ஃபார்ஸ்டருக்கு இந்தக் கதை உதித்தது. இந்தக் கார்ப்பென்டர் 1890-இல் இலங்கைக்கு வந்து, நண்பர் பொன்னம்பலம் அருணாசலத்தின் உதவியால் ஒரு தமிழ் ஞானியிடம் உபதேசம் கேட்டவர்!

சுபமாக முடித்ததுதான் குற்றம்

இரண்டு பேரும் செத்துப் போனதாக முடித்திருந்தால் கதையைத் தாராளமாக வெளியிட்டிருக்கலாம் என்று ஃபார்ஸ்டரே பின்னால் எழுதினார். சந்தோஷமாக வாழ்ந்தார்கள் என்று முடித்ததால், குற்றத்துக்குச் சிபாரிசு செய்தது போல ஆகிவிடுமாம். 1967-இல் இங்கிலாந்தில் சட்டம் தளர்ந்தது. அப்போதும் அவர் உயிரோடு இருந்தவரை புத்தகத்தை வெளியே விடவில்லை.

அந்த மாதிரிச் சட்டத்தைத்தான் வெள்ளைக்காரன் 1860-இல் 377-ஆம் பிரிவாக நம் தலையிலும் கட்டினான். 18 வயது நிறைந்தவர்கள் மனமொப்பி வாழ்வது குற்றமில்லை என்று நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல்தான் சொன்னது.

வைத்தியம் பார்த்தால்?

கதையில் மாரிஸ் குடும்ப டாக்டரிடம் போய்ச் சொல்கிறான். அவர் காது கொடுத்தே கேட்கவில்லை. பிறகு மனோவசியக்காரரிடம் போகிறான். பலன் பூஜ்யம்.

இன்றைக்கு மருத்துவ உலகம் இதை வியாதி என்று சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இதை 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று வைத்தியம் பார்ப்பது கூடாது என்று நம் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவு போட்டது. ஆகையால் மருந்து, மந்திரம், தாயத்து என்று காசைக் கரியாக்க வேண்டாம்.

ஆனி என்ன ஆனாள்?

மாரிஸ் போனபின், நடந்ததை ஆனியிடம் எப்படி மறைப்பது என்று கிளைவ் யோசிப்பதோடு கதை முடிகிறது. அந்த இடத்தில்தான் எனக்கு அடிவயிறு கலங்கிற்று.

என் உறவில் ஒரு பெண். நல்ல இடம், நல்ல மாப்பிள்ளை. அடி உதை, குடி ஒன்றுமில்லை. ஆனால் அவர் கூடத்தில் படுப்பார், இவள் அறையில். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்டே மாமியார் அவளைக் கரைத்துவிட்டார். டானிக், டாக்டர், கோயில், பரிகாரம் எல்லாம் அவளுக்குத்தான்! மூன்றாம் வருஷம் அவரே அழுதுகொண்டு உண்மையைச் சொன்னாராம். கல்யாணத்துக்கு முன்பே தாயாரிடம் சொன்னாராம். "எல்லாம் ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்று வாயை அடைத்துவிட்டார்களாம். அந்தப் பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். ஊர்ப் பழி இன்றைக்கும் அவள் தலையில்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால், அந்தச் சோற்றைச் சாப்பிட வேண்டியவள் வேறொரு வீட்டுப் பெண் அல்லவா?

ஃபார்ஸ்டரும் கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனை இழந்தவர். 1945-இல் தாயார் இறக்கும்வரை அவரோடு வாழ்ந்தவர். ஊருக்குக் காட்ட முடியாத கதையை அதே வீட்டில் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் இருந்திருப்பார்!

நம் பிள்ளை ஒருநாள் தயங்கித் தயங்கி இப்படி ஏதாவது சொல்ல வந்தால், அழுது ஆர்ப்பாட்டம் செய்யாமல் முதலில் உட்கார்ந்து கேட்போம். புரியாவிட்டால் "எனக்குப் புரிய கொஞ்ச நாள் கொடு" என்று சொல்வோம். அவசரப்பட்டு ஜாதகத்தை மட்டும் கையில் எடுக்க வேண்டாம்.

புத்தகத்தை மகளிடம் நானே திருப்பிக் கொடுத்தேன். "படிச்சிட்டியா? திட்டப் போறியா?" என்றாள்.

"இல்லடி. உன் சிநேகிதர்கள் யாராவது வீட்டில் இப்படிச் சொல்ல முடியாமல் தவிச்சா, நம்ம வீட்டுக்குக் கூட்டிண்டு வா. ஒரு வாய் காபி கொடுத்துக் கேட்கிறேன்" என்றேன்.