முன்னறிந்தால் மாற்ற முடியுமா?

வருவதை முன்கூட்டி அறிவது ஒன்று, அதைத் தடுப்பது வேறொன்று. 1682இல் தென்பட்ட வால்நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பி வரும் என்று எட்மண்ட் ஹேலி 1705இல் கணித்துச் சொன்னார். 1742இல் அவர் காலமானார். வால்நட்சத்திரம் 1758 டிசம்பரில் மீண்டும் தென்பட்டது. அவர் கணித்ததால்தான் அது வந்தது என்றில்லை. கணிக்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும்.

புயலின் கதை இவ்வளவு எளிதல்ல. 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய சூப்பர் புயல் ஏறத்தாழ 10,000 பேரைப் பலிகொண்டது. அப்போதும் எச்சரிக்கை வந்தது. ஆனால் மக்களை ஏற்றிச்செல்ல வண்டியும், தங்கவைக்கப் போதிய புகலிடமும் இல்லை. அதன்பிறகு கடலோரமெங்கும் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன. 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகே மணிக்கு 200 கி.மீ.க்கும் மேற்பட்ட காற்றோடு கரையைக் கடந்தது. முன்னதாகவே சுமார் 10 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டிருந்தனர்; உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. அறிவித்தபடியே காற்று வந்தது, வீடுகள் விழுந்தன. உள்ளே ஆளில்லை, அவ்வளவுதான். வானிலை அறிக்கை மட்டும் இதைச் செய்யவில்லை. மேடான கட்டடமும், வண்டியும், ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர்களும் சேர்ந்தே செய்தார்கள்.

எது மாறும், எது மாறாது என்பதும் நிரந்தரமல்ல. நாசாவின் டார்ட் விண்கலம் 2022 செப்டம்பரில் டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதியபோது, பெரிய சிறுகோள் ஒன்றை அது சுற்றிவரும் காலம் 11 மணி 55 நிமிடத்திலிருந்து சுமார் அரைமணி நேரம் குறைந்தது. பூமிக்கு ஆபத்தில்லாத கல்லின் மீது நடந்த ஒத்திகைதான் அது. ஆனாலும் விண்கல்லின் பாதையை மனிதரால் மாற்ற முடியும் என்பது உறுதியாயிற்று.

இங்கே ஒரு தர்க்கச் சிக்கல் எழுகிறது. உண்மையான எதிர்காலம் ஒருவருக்குத் தெரிந்து, அதை அவர் மாற்றியும் விட்டால், அவர் கண்டது எதிர்காலமே அல்ல. ‘இப்படியே விட்டால் என்ன ஆகும்’ என்பதையே அவர் கண்டிருக்கிறார். வானிலை ஆய்வாளரும் மருத்துவரும் சொல்வதெல்லாம் இந்த நிபந்தனை வாக்கியம்தான். நிபந்தனையில்லாமல் நடந்தே தீரும் என்று சொல்பவர் ஜோதிடர். நாளை கடற்போர் நடக்கும் என்ற கூற்று இன்றே உண்மையானால் போரைத் தவிர்க்க வழியில்லையே என்ற கேள்வியை அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பினார். இதற்குப் பலர் சொல்லும் விடை நேரானது: போர் நடப்பதால்தான் கூற்று உண்மையாகிறது; கூற்று போரை நடத்துவதில்லை.

கதைகளில் இரண்டு முடிவும் உண்டு. தந்தையைக் கொல்வாய் என்ற வாக்குக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய கிரேக்க ஈடிபஸ், அந்த ஓட்டத்தின் வழியில்தான் அவரைக் கொல்கிறான். சேர அரசவையிலோ, இளையவனே அரியணை ஏறுவான் என்று நிமித்திகன் சொன்னதும் இளங்கோ துறவு பூண்டதாகச் சிலப்பதிகார மரபு கூறுகிறது; நிமித்திகன் வாக்கு பொய்த்தது. ஈடிபஸ் ஊரை விட்டான். இளங்கோ வாக்குப் பலிக்கத் தேவையான உரிமையையே விட்டார்.

சொல்லப்பட்டதே நிகழ்வைப் பாதிப்பதற்கு ‘ஈடிபஸ் விளைவு’ என்று பெயரிட்டார் தத்துவவாதி கார்ல் பாப்பர். சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் 1948இல் தந்த உதாரணம் வங்கி: திவாலாகப் போகிறது என்ற வதந்தியை நம்பி எல்லாரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க ஓடினால், நல்ல நிலையில் இருந்த வங்கியும் மூடப்படுகிறது.