மானுக்குத் தீனி விதைத்தாலே வேட்டையா? சட்டம் சொல்வது என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, திருவள்ளூர் மாவட்டத்தில் காப்புக்காட்டை ஒட்டி கொஞ்சம் நிலம். யூடியூபைத் திறந்தால் அமெரிக்க வீடியோ: அரை ஏக்கர் பச்சைப் பயிர், மேய வரும் மான், மரத்தின் மேல் துப்பாக்கியோடு ஒருவர். ‘நம்ம நிலத்துலயும் விதைச்சுப் பார்க்கலாமா?’ என்று தோன்றினால், முதலில் இதைப் படிச்சிடுங்க.

ஃபுட் பிளாட் என்றால் என்ன?

மானை வரவழைப்பதற்கென்றே போடும் தீனிப் பயிர். குளோவர், ஓட்ஸ், டர்னிப் போன்றவற்றை விதைப்பார்கள். உறைபனிக்குப் பிறகு டர்னிப் இலை இனிப்பேறும் என்பதால், குளிர்கால வேட்டைக்கு அதற்கு மவுசு. அங்கே வேட்டைக்கு உரிமமும் சீசனும் உண்டு. ஆனாலும் மக்காச்சோளத்தைக் கொட்டி வைத்து மானைச் சுடுவதற்குப் பல மாநிலங்களில் தடை இருக்கிறது.

இங்கே செய்தால்?

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ல் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குப் பொருள் ரொம்பப் பெரியது. கொல்வது மட்டுமல்ல, பொறி வைப்பது, விரட்டுவது, தீனி காட்டி வரவழைப்பது, அதற்கான முயற்சி எல்லாமே வேட்டைதான். அதாவது, துப்பாக்கி வெடிக்கணும்னு அவசியமே இல்லை. பிடிக்கவோ கொல்லவோ நினைத்து விதைத்தால், வழக்கு அங்கேயே தொடங்கலாம். ‘என் பட்டா நிலம்’ என்ற வாதமும் எடுபடாது.

தண்டனை என்ன?

2022 திருத்தத்துக்குப் பிறகு புள்ளிமான் 2-வது அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெளிமான் 1-வது அட்டவணை. அதற்குக் குறைந்தபட்சமே 3 ஆண்டு சிறை, அதிகபட்சம் 7 ஆண்டு.

கடலை போட்டேன், மான் தானா வருது. நான் குற்றவாளியா?

இல்லை. விவசாயம் குற்றமல்ல. ஆனால் பயிரைத் தின்கிறது என்று நீங்களே சுருக்கு வைக்கவோ வேலியில் மின்சாரம் பாய்ச்சவோ கூடாது. வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பயிரைக் காக்க நடவடிக்கை எடுக்க உத்தரவிடும் அதிகாரம் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கும் அவர் அதிகாரம் அளித்த அலுவலருக்கும்தான் உண்டு.

வேட்டை வேண்டாம், சும்மா பார்க்கத்தான் தீனி என்றால்?

அதுவும் மானுக்கு நல்லதல்ல. தீனி தேடி காட்டை விட்டு வெளியே வரும் மானுக்கு முன்னால் நிற்பவை தெருநாய்களும் நெடுஞ்சாலை லாரிகளும்தான்.