அப்பா என்ன வேலை செய்கிறார்?

திண்டிவனத்தை அடுத்த ஒரு கிராமம். குடியிருப்பின் நடுவில் உள்ள அம்பேத்கர் படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்திருந்தோம். வேலை தேடும் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு ரெஸ்யூம் கையில் இருந்தது. வாங்கிப் பார்த்தால் பன்னிரண்டும் ஒரே அச்சு. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டரில் ஒரே கோப்பைத் திறந்து, பெயரையும் மதிப்பெண்ணையும் மட்டும் மாற்றி, முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பி.காம். முடித்த தங்கைக்கும் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்த தம்பிக்கும் பொழுதுபோக்கு ஒன்றுதான்: பாட்டுக் கேட்பது, கிரிக்கெட் ஆடுவது. "நான் மட்டையைத் தொட்டதே இல்லை" என்றாள் தங்கை. எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் பன்னிரண்டில் எட்டுப் பேர் ‘பிசினஸ்’ என்று போட்டிருந்தார்கள். ஒருவரின் அப்பா நாற்று நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். ஒருவரின் அப்பா ஊராட்சியில் தூய்மைப் பணியாளர். இன்னொருவரின் அப்பா செங்கல் சூளையில் இருக்கிறார். ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஐ.டி.ஐ. தம்பிதான் சொன்னான்: "உண்மையைப் போட்டா கூப்பிட மாட்டாங்கண்ணா."

இது வெறும் பயம் என்று சொல்லித் தட்டிவிட நமக்கு மனம் வரவில்லை. பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட், சமூகவியலாளர் பால் அட்டவெல் இருவரும் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள், ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் ஒன்று என்றால், அதே தகுதியுள்ள தலித் பெயருக்கு அது 0.67 ஆக இருந்தது. நேரில் போய் நிற்பதற்கு முன்னால், காகிதத்திலேயே நடந்த கழிப்பு இது. அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் டெல்லிப் பகுதிப் பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளிடம் பேசினார்கள். சாதி பார்ப்பதில்லை, திறமைதான் பார்க்கிறோம் என்றே அவர்கள் சொன்னார்கள். ஆனால் குடும்பப் பின்னணியைக் கேட்காமல் ஆள் எடுப்பதில்லை என்பதும் அவர்கள் வாயிலிருந்தே வந்தது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. முதலெழுத்தோடு நம் பெயர் முடிந்துவிடும். அதனால் சாதியைத் தேடுகிற கண் வேறு இடத்தில் தேடும். முகவரியில் தேடும், தெருப் பெயரில் தேடும், அப்பாவின் தொழிலில் தேடும். ‘காலனி’ என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். ஆவணத்தில் போவது ஒருபுறம் இருக்கட்டும். தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் ரெஸ்யூமில் அது எதற்கு என்று அன்று பிள்ளைகளிடம் கேட்டோம்.

உண்மையில் அந்த ரெஸ்யூமில் பாதி வரிகளுக்கு வேலையே இல்லை. அப்பா பெயர், அப்பாவின் தொழில், மதம், சாதி, திருமணமானவரா என்பது, பொழுதுபோக்கு, ‘மேற்கண்ட விவரங்கள் உண்மையென உறுதி கூறுகிறேன்’ என்ற வாசகம் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். நிறுவனம் தன் படிவத்தில் கேட்டால் அப்போது நிரப்பிக்கொள்ளலாம். முகவரிக்கு ஊர், வட்டம், அஞ்சல் குறியீட்டு எண் போதும். இதை மறைப்பது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலைக்குத் தொடர்பில்லாததைச் சொல்லாமல் விடுவது ஒன்று, பொய் சொல்வது வேறொன்று. ‘பிசினஸ்’ என்று எழுதியது பொய். அந்தப் பொய்யை நேர்முகத்தில் காப்பாற்ற வேண்டும், வேலை கிடைத்த பிறகும் காப்பாற்ற வேண்டும். பக்கத்து மேசைக்காரர் ‘என்ன பிசினஸ்?’ என்று கேட்கும் ஒவ்வொரு நாளும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

எடுத்த இடத்தில் என்ன போடுவது? இங்கேதான் நம் பிள்ளைகள் தங்களைக் குறைத்து எழுதுகிறார்கள். பி.காம். தங்கை இரண்டு ஆண்டுகளாக மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டை எழுதிவருகிறாள். பன்னிரண்டு பேரின் சேமிப்பு, கடன், வட்டி, வங்கியில் கட்டிய ரசீது எல்லாம் அவள் கையில். ரெஸ்யூமில் அது இல்லை. "அது எப்படிண்ணா வேலையாகும்?" என்று நம்மையே கேட்டாள். கணக்கர் வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு அதைவிட வேறென்ன வேலை அனுபவம் வேண்டும்? ஒரு தம்பி கல்லூரி விடுமுறை தோறும் மேஸ்திரியோடு போய் வயரிங் வேலை பார்த்தவன். இன்னொருவன் ஆதிதிராவிடர் நல விடுதியில் உணவுக் குழுப் பொறுப்பாளனாக இருந்தவன். கூலி வேலை என்றும் ஊர் வேலை என்றும் நாம் ஒதுக்கிவிடுவதில் பாதி, விளம்பரத்தில் கேட்கப்படும் அனுபவமாகவே இருக்கிறது.

விளம்பரத்தை இரண்டு முறை படிக்க வேண்டும் என்றும் சொன்னோம். என்ன வேலை, எந்த ஊர், என்ன படிப்பு, எந்தத் தேதிக்குள் என்று பார்த்து, அந்த வேலைக்கு ஏற்றபடி முதல் பத்து வரியை மாற்றி எழுத வேண்டும். ஒரே தாளை நாற்பது இடத்துக்கு அனுப்புவதைவிட, எட்டு இடத்துக்குப் பார்த்து எழுதி அனுப்புவது மேல். மின்னஞ்சல் முகவரி சொந்தப் பெயரில் இருக்கட்டும். நடிகர் பெயரில் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அனுப்பிய தேதி, நிறுவனம், பேசியவர் பெயர், வந்த பதில் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பத்து நாளாகியும் தகவல் இல்லையென்றால் மரியாதையாக ஒருமுறை கேட்கலாம். கெஞ்சுவதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வேலைகள் விளம்பரத்துக்கே வருவதில்லை. மாமா சொல்வார், சித்தப்பாவின் நண்பர் சொல்வார், ஆள் உள்ளே போய்விடும். அந்த மாமாவும் சித்தப்பாவும் நமக்கு இல்லை. நம் வீட்டில் படித்து வெளியே வந்த முதல் ஆளே இந்தப் பிள்ளைதான். விடுதியில் கூடப் படித்து இப்போது ஒரகடத்திலோ செய்யாறு சிப்காட்டிலோ இருப்பவர்கள்தான் நமக்கு மாமாவும் சித்தப்பாவும். அவர்களைக் கூப்பிட்டு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வேலையில் இருப்பவர்களும் போனை எடுங்கள். எடுக்காதவர்கள் பற்றிய புகார் அன்று படிப்பகத்தில் நிறைய வந்தது.

இனி நேர்முகம். "அப்பா என்ன பண்றாரு?" என்ற கேள்வி வரும் என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு தம்பியிடம் சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஊர் கேட்டார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்றும் கேட்டார்கள். அவன் வாய் உலர்ந்து, அடுத்து வந்த கணக்குக் கேள்விக்குத் தெரிந்த பதிலையும் விட்டுவிட்டு வந்தான். இதற்கு ஒரே வழி, பதிலை முன்பே சத்தமாகச் சொல்லிப் பழகுவது. "அப்பா விவசாயக் கூலி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்." மூன்று வாக்கியம் போதும். குரல் இறங்காமல் சொல்லிவிட்டு, பேச்சை உங்கள் படிப்புக்குக் கொண்டுபோங்கள். ஆங்கிலம் திக்கினால், "தமிழில் சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். தெளிவான தமிழ், தடுமாறும் ஆங்கிலத்தைவிட நல்லது. சில வேலைகளுக்கு ஆங்கிலம் கட்டாயம்தான். அதை இல்லையென்று சொல்லி ஏமாற்ற மாட்டோம்.

தனியார் துறையில் இடஒதுக்கீடு கொடுக்க எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. அரசு வேலையில் உண்டு. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் 2009 சட்டப்படி அருந்ததியருக்கு 3 விழுக்காடு. ஆனால் அரசு விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பினால் எடுத்த மதிப்பெண் வீணாகும். தேர்வாணையப் படிவத்தில் எஸ்.சி. என்பதும் எஸ்.சி. (ஏ) என்பதும் தனித்தனி. சாதிச் சான்றிதழில் இருப்பதைத்தான் தேர்வு செய்ய வேண்டும். திருமணமான பெண்களின் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் இருந்தால் ஏற்கமாட்டார்கள். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடக் குடும்பத்தினர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையிலிருந்து தொடரும் அந்த அநியாயத்தை வேறொரு நாள் பேசுவோம். படிவம் நிரப்பும் அன்று சான்றிதழில் உள்ளதுதான் செல்லும்.

ஒருமுறைப் பதிவுக் கட்டணம் 150 ரூபாய், ஐந்து ஆண்டுக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இல்லை. தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமையை நம் பிள்ளைகள் பலர் கோட்டை விடுகிறார்கள். 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கான சான்று வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பார். இப்போதே வாங்கி வையுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது; பயிற்சிக்குக் காசு இல்லை. தாட்கோ நடத்தும் திறன் பயிற்சிகளையும் விசாரியுங்கள்.

குரூப் 4 பற்றிப் பேசும்போது ஓர் அம்மா உள்ளே வந்தார். மகனுக்கு வேலை வாங்கித் தருவதாக ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறாராம், கொடுக்கலாமா என்றார். குரூப் 4 தேர்வில் நேர்முகமே கிடையாது. 200 கேள்வி, 300 மதிப்பெண், அதன் பிறகு சான்றிதழ் சரிபார்ப்பும் கலந்தாய்வும். அதில் ஆள் பிடித்து என்ன செய்ய முடியும்? கொல்லையை விற்றுக் கொடுத்து, வேலையும் இல்லாமல் நிலமும் இல்லாமல் நிற்கும் குடும்பம் இந்த வட்டாரத்திலேயே உண்டு. தனியாரிலும் அப்படித்தான். வேலைக்கு எடுக்கும் நிறுவனம் பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், முன்பணம் என்று கேட்காது. போனில் பணம் பறிபோனால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். மூல சான்றிதழைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. நூற்பாலைக்குப் பெண் பிள்ளை கேட்டு, மூன்று ஆண்டு முடிவில் மொத்தமாகப் பணம் தருவோம் என்று தரகர் வந்தால், மாதச் சம்பளம் எவ்வளவு, பி.எஃப். பிடிப்பார்களா, பொங்கலுக்கு வீட்டுக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் மழுப்புகிறவரைத் திருப்பி அனுப்புங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு வேறு வேலை தேடுகிறவர்களும் அன்று மூன்று பேர் இருந்தார்கள். ஒரு தம்பி மூன்று ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளி. மேற்பார்வையாளர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேலி செய்ததால் மறுநாளிலிருந்து போகவில்லை. அனுபவச் சான்று இல்லை, கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை. அவன் கோபத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அம்பேத்கரே 1917-இல் பரோடா அரசு வேலைக்குப் போய், தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டு, வேலையை விட்டுத் திரும்பியவர்தான். அடுத்த ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். விடுவதில் தவறில்லை. விடும்போது எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொண்டு, பாக்கியை வாங்கிக்கொண்டு விட வேண்டும். கையில் அடுத்த பணி ஆணை இருந்தால் இன்னும் நல்லது. சாதியைச் சொல்லி இழிவு செய்தது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வருகிறதா என்று வேலையை விட்ட பிறகும் வழக்கறிஞரிடம் கேட்கலாம்.

அந்தத் தம்பிக்கு அன்று ஒரு வழி கிடைத்தது. சம்பளத்தில் பி.எஃப். பிடித்திருந்தார்கள். 12 இலக்க யு.ஏ.என். எண்ணைப் போட்டுத் திறந்தோம். எந்த ஒப்பந்ததாரரிடம் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பணம் கட்டப்பட்டது என்று வரிசையாக வந்தது. மூன்று ஆண்டு அனுபவத்துக்கு அதுவே சான்று. அச்செடுத்து ரெஸ்யூமோடு சேர்த்தோம்.

மதியம் கிளம்பும்போது பி.காம். தங்கை கூப்பிட்டாள். "ஒருமுறை கேளுங்கண்ணா" என்றாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அதிகாரி மாதிரி குரலை வைத்துக்கொண்டு கேட்டோம். முதல் தடவை பாதியில் நின்றுவிட்டாள். இரண்டாவது தடவை வாசலில் அவள் அப்பா வந்து நின்றுகொண்டிருந்தார், சாப்பிடக் கூப்பிட. அவரைப் பார்த்துக்கொண்டே முழுதாகச் சொன்னாள்.