ஸ்லாட் கார் கன்ட்ரோலர்: வேகத்துக்கு அல்ல, பிரேக்குக்குப் பணம் கொடுங்கள்

1990-களில் பள்ளிக்குச் சென்ற அண்ணன்மார் பலருக்குத் தாமியா கார் நினைவிருக்கும். சுவிட்சைத் தட்டி ஓடுபாதையில் விட்டால் அவ்வளவுதான், அதற்குப் பிறகு காரைக் கட்டுப்படுத்த வழியில்லை. ஸ்லாட் கார் இதற்கு நேர் எதிர். காரில் பேட்டரி கிடையாது. பாதையில் ஒரு சிறு பள்ளம் ஓடும். அதன் இருபுறமும் உள்ள உலோகப் பட்டைகளிலிருந்து கார் மின்சாரம் பெறும். எவ்வளவு பெறும் என்பதை உங்கள் கையிலுள்ள கன்ட்ரோலரின் டிரிகர் முடிவு செய்கிறது. திருப்பத்தில் விரல் சற்றுக் கூடுதலாக அழுத்தினால் கார் பாதையை விட்டுப் பறந்துவிடும்.

1957-இல் இங்கிலாந்தில் ஃபிரெட் பிரான்சிஸ் ஸ்கேலெக்ஸ்டிரிக் கார்களை அறிமுகப்படுத்தியபோது கன்ட்ரோலர் வெறும் பொத்தான்தான். அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். பிறகு மின்தடைக் கம்பி சுற்றிய கன்ட்ரோலர்கள் வந்தன. இன்று மின்னணுக் கன்ட்ரோலர்கள் பல மடங்கு விலையில் விற்கின்றன. மலைமேல் இருக்கும் தானா ராத்தா மாணவர் ஒருவர் இணையம் வழி வாங்கும்போது கையில் பிடித்துப் பார்க்க முடியாது. ஆகவே எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒன்று: டிரிகரை முழுதாக அழுத்தினால் மலிவான கன்ட்ரோலரும் விலையுயர்ந்த கன்ட்ரோலரும் காருக்கு ஏறக்குறைய ஒரே 12 வோல்ட்டைத்தான் தருகின்றன. நேர்ப்பாதையில் வேகம் கூடாது. வித்தியாசம் பாதி அழுத்தத்தில் இருக்கிறது.

படிவம் 5-இல் படிக்கும் ஓமின் விதியே போதும். பாதி அழுத்தத்தில் கன்ட்ரோலரின் மின்தடை 20 ஓம் என்று வைப்போம். 0.3 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் என்றால் 6 வோல்ட் கன்ட்ரோலரிலேயே போய்விடும். காருக்கு மிச்சம் 6 வோல்ட். 0.5 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் என்றால் 10 வோல்ட் போய், மிஞ்சுவது வெறும் 2 வோல்ட். விரல் அதே இடத்தில்தான் இருக்கிறது, கார் மட்டும் வேறு மாதிரி ஓடுகிறது. அதனால்தான் மின்தடைக் கன்ட்ரோலர்கள் 25 ஓம், 45 ஓம் என்று மோட்டாருக்கு ஏற்றபடி விற்கப்படுகின்றன. இழந்த மின்சாரம் வெப்பமாகி உள்ளங்கையைச் சுடுவது இன்னொரு தொல்லை.

மின்னணுக் கன்ட்ரோலர்களில் பலவற்றில் ஒரு டிரான்சிஸ்டர் மின்சாரத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில், திறந்து மூடுகிறது. பாதி நேரம் திறந்திருந்தால் சராசரியாகப் பாதி மின்னழுத்தம். மோட்டார் எதுவானாலும் டிரிகரின் போக்கு அதிகம் மாறாது. வெப்பமும் குறைவு.

என்னைக் கேட்டால், இதைவிட முக்கியம் பிரேக். தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்குக் காய்கறி லாரிகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அனுபவமுள்ள ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பமாட்டார். கியரைக் குறைத்து, இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விடுவார். ஸ்லாட் காரிலும் மோட்டார்தான் பிரேக். டிரிகரை விட்டதும் கன்ட்ரோலர் இரண்டு பட்டைகளையும் ஒன்றோடொன்று இணைக்கிறது. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணத்தில் மின்னாக்கியாக மாறி, லென்ஸ் விதிப்படி தன் சுழற்சியையே எதிர்க்கிறது. சாதாரண மின்தடைக் கன்ட்ரோலரில் இந்தப் பிரேக் உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். நல்ல மின்னணுக் கன்ட்ரோலரில் ஒரு குமிழைத் திருகி அதன் வலுவைக் கூட்டலாம், குறைக்கலாம். எடை குறைந்த கார் திடீரென நின்றால் பின்பக்கம் சறுக்கும். அதற்குப் பிரேக்கைத் தளர்த்த வேண்டும்.

எனவே பிரேக் குமிழ் இல்லாத மின்னணுக் கன்ட்ரோலருக்குப் பெருந்தொகை கொடுக்காதீர்கள். அடுத்தது டிரிகரின் உணர்திறனை மாற்றும் குமிழ். திரை, விளக்கு, எண்கள் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் பாதையைப் பற்றியும் விசாரியுங்கள். கன்ட்ரோலருக்கு இரண்டு கம்பிகள் மட்டுமே உள்ள வீட்டுப் பாதையில் பொதுவாகப் பிரேக் கம்பி இருக்காது. மன்றங்களின் பாதைகளில் மூன்று கம்பிகள் வழக்கம்: மின்சாரம், மோட்டார், பிரேக். சில பாதைகளில் நேர்முனையும் எதிர்முனையும் மாறியிருக்கும். மின்தடைக் கன்ட்ரோலருக்கு அது பொருட்டே இல்லை. மின்னணுக் கன்ட்ரோலரோ, பாதுகாப்புச் சுற்று இல்லாவிட்டால், ஒரே நொடியில் எரிந்துபோகலாம். ஒரே பள்ளத்தில் பல கார்கள் ஓடும் டிஜிட்டல் பாதைகளுக்கு அவற்றுக்கென்றே செய்த கன்ட்ரோலர்தான் வேண்டும்.

போலிடெக்னிக்கில் மின்னணுவியல் பயில்வோர் வாங்காமல் செய்தே பார்க்கலாம். ஓர் ஆர்டுயினோ ஊனோ, ஒரு மாஸ்ஃபெட், டிரிகரோடு இணைத்த மாறு மின்தடை, மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு. ஊனோவின் பெரும்பாலான முனைகள் நொடிக்கு ஏறக்குறைய 490 முறை திறந்து மூடும். கார் ஓட அது போதும். பிரேக் வேண்டுமென்றால் இரண்டாவது மாஸ்ஃபெட் தேவை. இரண்டும் ஒரே கணத்தில் திறந்தால் மின்வழங்கி குறுக்குச்சுற்றாகிவிடும். அப்படி நேராமல் நிரல் எழுதுவதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி.