மகளைப் பார்க்க ஆப்பிரிக்கா வந்த அப்பா, அம்மா

விமானம் இறங்கிவிட்டது. அக்ரா விமான நிலைய வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் காத்து நிற்கிறாள். கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறாள்.

அதோ! அப்பா வருகிறார். பின்னால் பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு அம்மா வருகிறார்.

மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். பார்த்து ஓர் ஆண்டுக்கு மேல் ஆகிறது அல்லவா? அம்மா வாயில் இருந்து வரும் முதல் பேச்சு என்ன தெரியுமா?

"என்னடி, இப்படி இளைத்துவிட்டாயே!"

அமெரிக்காவாக இருந்தால் என்ன? அம்மா அம்மாதான்.

யார் இந்தப் பெண்? கானா நாட்டில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் தொண்டர். அமெரிக்காவின் "சமாதானப் படை"யில் சேர்ந்து வந்தவள். பெயரும் ஊரும் வேண்டாம். இவளைப் போல வந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களைத் தேடிப் பெற்றோர் வரும்போது நடப்பதை எல்லாம் சேர்த்துச் சொன்னால், கதை இப்படித்தான் இருக்கும்.

துப்பாக்கி இல்லாத படை

"படை" என்றதும் பயந்துவிடாதீர்கள். இது தொண்டர் படை. ஆங்கிலத்தில் "பீஸ் கோர்" என்பார்கள். ஜனாதிபதி கென்னடி 1961-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி தொடங்கினார். அந்த ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி, முதல் கோஷ்டி கானாவில் வந்து இறங்கியது. மொத்தம் 51 பேர். அத்தனை பேரும் ஆசிரியர்கள். விமானத்தை விட்டு இறங்கியதும், அந்த நாட்டு "ட்வி" மொழியில் பாட்டுப் பாடினார்கள்!

நம் நாட்டுக்கும் இந்தத் தொண்டர்கள் வந்தது உண்டு. பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், 68 வயதில் படையில் சேர்ந்து, 1966-ம் ஆண்டு பம்பாய் அருகே விக்ரோலிக்கு நர்சாக வந்தார். அங்கே தாய் வெளிநாட்டில், பிள்ளை வீட்டில்!

மூன்று மாதம் பயிற்சி. இரண்டு ஆண்டு வேலை. சம்பளம் என்று கிடையாது. அந்த ஊர்க்காரர்களைப் போல வாழ்வதற்குச் செலவுப் பணம் தருவார்கள். லீவு மாதத்துக்கு இரண்டு நாள். பெற்றோர் வருவதானால் விசா, டிக்கெட் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்றிதழும் வேண்டும்.

இப்போது மகள்தான் அம்மா!

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே எல்லாம் தலைகீழாக மாறிவிடுகிறது. இருபது ஆண்டு இவளைக் கைபிடித்து நடத்தியவர்கள், இப்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

"அந்தத் தண்ணீரைக் குடிக்காதே அம்மா!"

"அப்பா, இடது கையால் கொடுக்காதீர்கள்! மரியாதைக் குறைவு."

"மாத்திரை போட்டீர்களா?" (மலேரியா வராமல் இருக்க.)

ஊருக்குப் போக "ட்ரோட்ரோ" என்ற வண்டி. நம் ஊர் வேன் மாதிரி. அதற்கு நேரம் காலம் கிடையாது. ஆள் நிரம்பினால்தான் புறப்படும். அப்பா கடிகாரத்தைப் பார்க்கிறார். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்க்கிறார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுகிறார்.

"என்ன காரியமாக வந்தீர்கள்?"

கிராமத்தில் மகள் குடியிருப்பது ஒரு வீட்டின் பக்கத்து அறையில். வீட்டுக்கார அம்மாளை இவள் "மாமே" என்று கூப்பிடுவாள். "மாமே" என்றால் அம்மா.

விருந்தாளிகளை உட்கார வைக்கிறார்கள். முதலில் தண்ணீர். குடித்து முடித்த பிறகுதான் பேச்சு. ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்கிறார்: "நீங்கள் வந்த காரியம் என்ன?"

அப்பாவுக்குத் திக்கென்கிறது. இது என்ன கேள்வி? கோபமோ?

கோபம் இல்லை. அக்கான் மக்களின் வழக்கம் அது. "அமனே" என்று பெயர். தெரிந்த காரியமாக இருந்தாலும் கேட்பார்கள். வந்தவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும்.

அம்மா சொல்கிறார்: "எங்கள் மகளைப் பார்க்க வந்தோம்."

அது பாதி உண்மைதான். கையோடு ஊருக்குக் கூட்டிப் போய்விடலாம் என்ற ஆசை மனதின் மூலையில் உண்டு. அது மகளுக்கும் தெரியும். தெரிந்தும், சொன்னதை மட்டும் மொழிபெயர்க்கிறாள்.

ஊராருக்கு அந்தப் பதிலே போதும். ஓர் ஆண்டாக அவர்கள் மனதிலும் ஒரு சந்தேகம் இருந்தது. கல்யாணம் ஆகாத பெண், தனியாக இவ்வளவு தூரம் வந்திருக்கிறாளே, இவளுக்கு யாரும் இல்லையோ? இப்போது அப்பாவும் அம்மாவும் வந்து நிற்கிறார்கள். மறுநாள் முதல் கடைத்தெருவில் இவளுக்கு மதிப்பே தனி.

"நீங்கள் எந்தக் கிழமை பிறந்தீர்கள்?" என்று சிறுவர்கள் கேட்கிறார்கள். அங்கே பிறந்த கிழமையே பெயர். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி. ஐ.நா. சபையின் பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னானும் வெள்ளிக்கிழமை பிறந்தவர். அம்மாவுக்குக் கிழமை தெரியவில்லை. மகள் கணக்குப் போட்டுச் சொல்கிறாள்: செவ்வாய். அன்று முதல் அம்மா "அபெனா" ஆகிவிட்டார்.

களி உருண்டை

சாப்பாடு "ஃபுஃபு". மரவள்ளிக் கிழங்கையும் வாழைக்காயையும் வேகவைத்து, உரலில் இட்டு இடிப்பார்கள். ஒருவர் உலக்கை போடுவார். மற்றவர் இடையில் கைவிட்டுத் தள்ளுவார். உருண்டையைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். மெல்லக் கூடாது. நம் கேழ்வரகுக் களி சாப்பிட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியது இல்லை. அமெரிக்க அப்பாதான் பாவம், மென்றுகொண்டே இருக்கிறார்.

அம்மா அடுப்படியில் மாமே பக்கத்தில் போய் உட்காருகிறார். மனக்குறையைக் கொட்டிவிடுகிறார். "என் பெண் ரொம்ப இளைத்துவிட்டாள்."

மகள் தயங்கித் தயங்கி மொழிபெயர்க்கிறாள்.

மாமேக்கு ரோசம் வந்துவிட்டது. "வந்தபோது பார்த்திருக்க வேண்டும்! குச்சி மாதிரி இருந்தாள். நான்தான் சோறு போட்டுத் தேற்றி இருக்கிறேன். காய்ச்சலில் படுத்தபோது இரண்டு ராத்திரி கண் விழித்தது யார்?"

மகள் இதுவரை வீட்டுக்கு எழுதாத செய்தி அது. அதையும் அவள் வாயாலேயே சொல்ல வேண்டி இருக்கிறது. அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு மாமேயின் கையைப் பிடித்துக்கொள்கிறார். அதை மொழிபெயர்க்க வேண்டி இருக்கவில்லை.

பணப்பையால் வந்த வினை

அன்பு இருக்கும் இடத்தில் ஆபத்தும் உண்டு. அப்பாவுக்கு மனம் இளகிவிட்டது. கண்ட பையனுக்கு எல்லாம் பணம் எடுத்துக் கொடுக்கிறார். மகள் பதறுகிறாள்.

ஏன்? வெள்ளைத் தோல் என்றால் பணமூட்டை என்ற எண்ணத்தைப் போக்க, அவள் ஓர் ஆண்டு பாடுபட்டு இருக்கிறாள். ஊராரைப் போலவே பேரம் பேசி, ஊராரைப் போலவே ட்ரோட்ரோவில் இடிபட்டு இருக்கிறாள். அப்பா போய்விடுவார். நாளைக்கு வகுப்பில் நிற்கப் போவது அவள்தானே! அப்பாவும் மகளும் அன்று ராத்திரி கொசுவலைக்குள் தாழ்ந்த குரலில் சண்டை போடுகிறார்கள்.

கடைசியில் ஓர் ஏற்பாடு. தனி ஆளுக்குப் பணம் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் புத்தகமும் பந்தும். மாமேக்கு, எல்லோரும் சேர்ந்து நிற்கும் போட்டோ, சட்டம் போட்டு. ஊர்த் தலைவருக்கு, வழக்கப்படி ஒரு புட்டி "ஷ்னாப்ஸ்" மது. நாம் வெற்றிலை பாக்கு வைப்பதுபோல அங்கே அது மரியாதை. தலைவரோடு நேரே பேசக் கூடாது. பக்கத்தில் நிற்கும் "ஓச்சியாமே" என்பவரிடம் சொல்ல, அவர் தலைவரிடம் சொல்வார். அவர் முன்னால் கால்மேல் கால் போடக் கூடாது. அப்பா மறந்து போட்டார். மகள் ஒரு பார்வை பார்த்தாள். கால் இறங்கிவிட்டது.

வழி கேட்கிறோம்

புறப்படும் நாள். அங்கே விருந்தாளி சட்டென்று எழுந்து போகக் கூடாது. "வழி கேட்கிறோம்" என்று சொல்லி, உத்தரவு பெற வேண்டும். அம்மா அந்தச் சொல்லை முதல் நாள் ராத்திரியே மகளிடம் பாடம் கேட்டு வைத்துக்கொண்டார். எல்லோர் முன்னிலையிலும் தாமே ட்வி மொழியில் சொன்னார். கூட்டம் கைதட்டியது.

மகளைக் கூட வா என்று அவர் கூப்பிடவே இல்லை.

மாமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டியை ஒரு பையன் தலையில் சுமந்து வந்தான். ஊரே வழியனுப்ப வந்தது. அப்பாவும் அம்மாவும் ட்ரோட்ரோவில் ஏறி உட்கார்ந்து கை அசைத்தார்கள்.

வண்டி நகரவில்லை. இன்னும் நான்கு ஆள் வர வேண்டும்.

அம்மா கீழே இறங்கி, மகள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.