எண்ணெய்த் துணி தானாகத் தீப்பற்றுமா?

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் வீட்டு மரத்தரைக்கு எண்ணெய் பூச அப்பாவுக்கு உதவுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும், எண்ணெய் துடைத்த பழைய துணிகளைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் திணித்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். அருகில் அடுப்பு இல்லை. யாரும் தீக்குச்சி உரசவில்லை. ஆனாலும் சில மணி நேரத்தில் அந்தத் துணிகள் தாமாகவே தீப்பற்றக்கூடும்! எப்படி?

முதலில் தரையைப் பார்ப்போம். மெர்பாவ் போன்ற கடின மரத்தில், உயிரோடு இருந்தபோது நீரை மேலே கொண்டுசென்ற நுண்குழாய்கள் அப்படியே இருக்கின்றன. மணல்தாளால் மர வரியின் திசையிலேயே தேய்த்து, தூசியை அகற்றிவிட்டு எண்ணெய் பூசினால், நுண்புழை விளைவால் அது இக்குழாய்களுக்குள் இறங்கும். வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு படலமாக நிற்கும். இந்த எண்ணெயோ மரத்துக்குள்ளேயே போய் இறுகும். அதனால், பின்னர் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மீண்டும் பூசிக்கொள்ளலாம்.

அப்படியானால் தேங்காய் எண்ணெயைப் பூசலாமா? கூடாது. அது எத்தனை நாளானாலும் காயாது. தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பமிலங்களே. ஆளிவிதை எண்ணெயிலோ, மூன்று இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலெனிக் அமிலம் நிறைய உண்டு. காற்றில் உள்ள உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், இந்தப் பிணைப்புகளின் அருகே வினைபுரிகிறது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோன்ற பல்லுறுப்பியாகின்றன. ஈரத்துணி நீரை இழந்து காய்கிறது. ஆளிவிதை எண்ணெயோ உயிர்வளியைப் பெற்றுக் 'காய்கிறது'. அதனால் அதன் எடை கூடவும் செய்யும்! கடைகளில் கிடைக்கும் சில வகைகளில் கோபால்ட், மாங்கனீசு சேர்மங்கள் வினையூக்கிகளாகச் சேர்க்கப்படுகின்றன. அவை இன்னும் வேகமாகக் காயும்.

இந்த வினை வெப்பத்தை வெளியிடும் வினை. தரையில் எண்ணெய் மெல்லிய அடுக்காகப் பரவியிருப்பதால் வெப்பம் உடனே காற்றில் கலந்துவிடும். சுருட்டிய துணியில் நிலைமை வேறு. நூலிழைகள் எண்ணெய்க்குப் பெரிய பரப்பளவைத் தருகின்றன. மடிப்புகளில் சிக்கிய காற்று உயிர்வளியையும் தந்து, வெப்பத்தையும் வெளியேவிடாமல் காக்கிறது. வெப்பநிலை உயர உயர வினையின் வேகம் கூடுகிறது. வேகம் கூடக் கூட வெப்பம் மேலும் பெருகுகிறது. இறுதியில் துணி எரியும் வெப்பநிலையை எட்டிவிடுகிறது.

1991ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடத்தில் இதுதான் நடந்தது. மரப்பலகைச் சுவர்களைப் புதுப்பித்த வேலையாட்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் 22ஆவது மாடியில் தாமாகத் தீப்பற்றின. தீ ஏறக்குறைய 19 மணி நேரம் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். 30ஆவது மாடியில் இருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்கள்தாம் தீ மேலே ஏறாமல் தடுத்தன.

பயந்து எண்ணெயைத் தவிர்க்க வேண்டியதில்லை. சன்னல்களைத் திறந்து வைத்து, மெல்லியதாகப் பூசுங்கள். டப்பாவில் குறிப்பிட்ட நேரம் கழித்து, மரம் உறிஞ்சாத எண்ணெயைத் துடைத்தெடுங்கள். விட்டுவிட்டால் தரை பிசுபிசுக்கும். துடைத்த துணிகளைக் குவிக்காமல், வீட்டுக்கு வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள். அவை விறைப்பான பிறகே குப்பையில் போட வேண்டும். அதற்கு இடமில்லாவிட்டால், மூடியுள்ள உலோக டப்பாவில் நீரை நிரப்பித் துணிகளை முழுவதும் மூழ்க வையுங்கள்.

வீட்டில் யாராவது எண்ணெய் பூசினால், கடைசியில் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "துணி எங்கே?"